அம்பாசிடர் மூலபாடம்: பழைய காரைப் புதுப்பித்தலில் ஒலியமைப்பின் இடம் குறித்து

ஒரே குடும்பத்தின் கையில் நாற்பது ஆண்டுகள் இருந்துவிட்ட காரை மறுபடி ஓடவைக்கும் வேலை டிங்கரிங், பெயிண்டிங், லேத் பட்டறை ஆகிய முத்தொழிலோடு முடிந்துவிடுவது என்றே பொதுவாகக் கருதப்பட்டு வருகிறது. இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. அவ்வேலை பதிப்பியலின் ஒரு கிளை. ஏட்டுச்சுவடியைக் கையிலெடுத்தவர்க்கு நேரும் இடர்ப்பாடுகள் யாவும் பழைய காரைக் கையிலெடுத்தவர்க்கும் நேர்கின்றன. ஆங்கே செல்லரிப்பாக இருப்பது இங்கே கதவின் அடிவிளிம்பில் துருவாகவும், ஆங்கே இடைச்செருகலாக இருப்பது இங்கே வேறொரு வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டிய கார்புரேட்டராகவும், ஆங்கே ஏடெழுதியோர் பிழையாக இருப்பது இங்கே முந்தைய மெக்கானிக்காகவும் நிற்பதைக் காண்க. சுவடியைப் பதிப்பித்த பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டவேண்டியதில்லை என்பதும், பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும் என்பதுமே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இவ்வாய்வு அம்பாசிடரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை முதனூலாகக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியில் செய்யத் தொடங்கி 2014 மே மாதத்தில் நிறுத்திய இவ்வண்டி, அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறத்தாழ ஒரே உருவில் வெளிவந்தமையால், வழிநூல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 ஆகியவற்றுக்கு இடையே வெளியே தெரியும் பாடபேதங்கள் பெரும்பாலும் முன்பக்கக் கிரில்லைப் பற்றியவையே. ஆயினும் அவற்றின் பொருட்டு ஆர்வலர்கள் முகங்கொடுத்துப் பேசாமற்போனதுண்டு. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைப் பற்றி விரிக்க வேண்டியது அதிகமில்லை: போர் தேய்ந்தால் ரீபோர் செய்து அளவு கூடிய பிஸ்டன் போடுவர், உதிரிபாகம் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும், கிடைக்காதது லேத்தில் பிறக்கும். சிக்கல் தொடங்குமிடம் டேஷ்போர்டு.

மூலபாடத்தை அப்படியே மீட்க வேண்டும் என்போர் ஒரு சாரார். அவர்களை நோக்கி, ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இவ்வண்டியில் என்ன பாடியது என்று வினவினால் விடை சங்கடமானது. ரேடியோ என்பது அக்காலத்தில் வாங்கியவர் தம் செலவில் பொருத்திக்கொண்ட பொருளாதலால், ஆலை தந்த ஒலிகள் ஹாரனும் கியர் முனகலும் மட்டுமே. எனவே தூய மூலபாடத்தில் பாட்டுக்கு இடமில்லை. இந்த முடிவை நேர்மையோடு ஏற்று, பாட்டே இல்லாமல் வண்டி ஓட்டும் மூலபாடவாதி இதுவரை தென்படவில்லை. அவர்கள் மெல்ல நகர்ந்து, மிகப் பழைய இடைச்செருகலை மூலமென்று கொள்ளலாம் என உடன்படுகின்றனர்.

அந்தப் பழைய அடுக்கு மீடியம் வேவ் ரேடியோ. வீட்டு ரேடியோவைப் போலவே கார் ரேடியோவுக்கும் அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டணம் செலுத்தியாக வேண்டியிருந்த காலத்தது. மீடியம் வேவ் ஒலிபரப்பு அலையின் உயரத்தை ஏற்றியும் இறக்கியும் ஒலியைச் சுமந்து வருவதாதலின், ஸ்பார்க் பிளக்கிலும் டைனமோவின் கார்பன் பிரஷ்ஷிலும் தெறிக்கும் பொறிகள் அவ்வுயரத்தோடு தாமும் கூடிக்கொண்டு கரகரப்பாக வெளிப்படும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் செய்தி வாசிப்பவரின் தொண்டை கட்டும். டைனமோவில் கண்டன்சர் ஒன்றை மாட்டி இதைத் தணிப்பர். அலையின் உயரத்தை விட்டு அதிர்வெண்ணை மாற்றும் பண்பலைக்கு இந்நோய் பெரும்பாலும் இல்லை.

அடுத்த அடுக்கே அம்பாசிடர் வரலாற்றின் பொற்காலம். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், 3.81 மி.மீ. அகல நாடாவை நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட்டுவது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். முப்பத்தோராம் நிமிடத்தில் முடியும் பாட்டு கடைசிச் சரணத்தில் அறுந்துபோக, அக்குடும்பத்தார் இன்றளவும் அப்பாட்டை அவ்விடத்திலேயே நிறுத்திப் பாடுவர். ப்ளேயரின் உள்ளே சுழலும் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் நாடா மெதுவாக நகர்ந்து பி. சுசீலாவின் குரல் படிப்படியாகத் தடித்து ஆண்குரலை நெருங்கும். இதனைப் பண்திரிபு எனலாம். எந்தப் பயணத்திலும் முதலில் ஒலிப்பது சீர்காழி கோவிந்தராஜன் குரலில் விநாயகர் பாட்டு என்பதும், டேஷ்போர்டுப் பிள்ளையார் அதைக் கேட்ட பின்னரே இளையராஜாவுக்கு இடம் விடுவார் என்பதும் எங்கும் எழுதப்படாத விதிகள்.

பின்னர் சி.டி. வந்தது, பென்டிரைவ் வந்தது. வந்த ஒவ்வொன்றும் போகும்போது தன் வயரை விட்டுச் சென்றமையால், டேஷ்போர்டுக்கு அடியில் எலக்ட்ரீஷியன் தலையை நுழைக்கும்போது காண்பது வயர்க்கற்றையன்று, அகழாய்வுக் குழியின் மண்ணடுக்கு. சிவப்பு வயர் பேட்டரிக்குப் போகும் என்று நம்பி வெட்டினால் ஹாரன் நின்றுபோகும். “இதை யாருண்ணே இப்படிக் கட்டுனது?” என்று அவர் கேட்பது வழக்கம், கட்டியவர் பெரும்பாலும் அவரேயாவர்.

இனி ஆற்றலை ஆராய்வோம். ஆம்ப்ளிஃபயர் பெட்டியின்மேல் பி.எம்.பி.ஓ. என்னும் எழுத்துகளோடு ஆயிரக்கணக்கில் வாட்ஸ் அச்சிட்டிருக்கும். இவ்வளவைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை ஏதும் கிடையாது. அதனைக் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் மெய்க்கீர்த்தி போலப் படித்துக்கொள்வதே முறை. மன்னன் எண்டிசையும் வென்றான் என்ற பிறகு, கல்வெட்டின் கீழ்ப்பகுதியில் நிலம் எத்தனை வேலி, விளக்குக்கு நெய் எத்தனை உழக்கு என்று வருமல்லவா, அந்தப் பகுதிக்கு ஒப்பானது ஆர்.எம்.எஸ்., அதாவது ஆம்ப்ளிஃபயர் தொடர்ந்து தரக்கூடிய மெய்யான ஆற்றல். அதிலும் ஆர்.எம்.எஸ். 400 வாட்ஸ் என்று ஒன்றை மாட்டினால், வெப்பமாக வீணாவதையும் சேர்த்து 12 வோல்ட்டில் ஐம்பது ஆம்பியருக்கு மேல் கேட்கும். 22 ஆம்பியர் தரும் பழைய டைனமோவின் மொத்த வருமானமே 264 வாட்ஸ். அதில் ஹெட்லைட், இக்னிஷன், வைப்பர் ஆகியவற்றின் பங்கு போக மிஞ்சுவது கோயில் கணக்கில் மிஞ்சுவது போன்றது. மேலும் டைனமோ ஸ்லோவில் ஏறக்குறைய ஒன்றும் ஈட்டாது. ஆகவே சிக்னலில் நிற்கும் அம்பாசிடரில் பாட்டு ஓங்கி ஒலிக்கிறதென்றால் பேட்டரி கைம்முதலைத் தின்கிறது என்று பொருள். பச்சை விழுந்ததும் வண்டியைத் தள்ளுவோர் அப்பாட்டுக்கு ஏற்பத் தள்ளலாம். ஆல்டர்னேட்டருக்கு மாறுவதே தீர்வு. மூலபாடவாதிகள் இதனை எதிர்ப்பர், ஆனால் தள்ள வரமாட்டார்கள்.

ஸ்பீக்கர் வைக்கும் இடம் பெரும் பூசலுக்குரியது. கதவுக்குள் கண்ணாடி இறங்குவதால் அங்கே ஆழமில்லை. எஞ்சுவது பின்சீட்டுக்கு மேலுள்ள தட்டு. அங்கே ஆறுக்கு ஒன்பது அங்குல நீள்வட்டத் துளை இட்டாக வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும் அதே கணத்தில் பின்னே இழுப்பதால் எழும் இரு அலைகளும் கலந்தால் ஒன்றையொன்று அழித்து, தவிலின் தொப்பி காணாமற்போகும். தட்டில் இறுகப் பொருத்தி டிக்கியைப் பின்னறையாக்கினால் அலைகள் பிரிந்து நின்று தொப்பி மீளும். இயற்பியல் இவ்வளவு தெளிவாக இருந்தும், தகட்டை வெட்டுவது ஏட்டின் நடுவே துளையிடுவதற்கு ஒப்பென்பர் ஒரு சாரார். ஏட்டில் கயிறு கோக்கத் துளை உண்டே என்பது மறுசாரார் விடை.

தொப்பி மீண்டதும் அதோடு ஒத்ததிர்ந்து நம்பர் பிளேட், டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, கதவுக் கைப்பிடி ஆகியன பக்கவாத்தியமாகின்றன. பியூட்டைல் ரப்பர் தகடு ஒட்டி இவற்றை அடக்கலாம். ஆனால் மெக்கானிக்குகள் இதை விரும்புவதில்லை. வால்வு இடைவெளி கூடிய ‘டிக் டிக்’, யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்த ‘டடக்’ என நோயனைத்தையும் காதால் அறியும் அவர்கள், வண்டியில் ஏறியதும் முதலில் செய்வது பாட்டை நிறுத்துவதே.

இறுதியாக, வேலைகளின் வரிசை குறித்து ஒன்று கூறவேண்டும். வயரிங் முதலில் நடப்பதால் பழைய கேசட் ப்ளேயர் முதல் வாரத்திலேயே கழன்று எடைக்குப் போய்விடுகிறது. சீட்டுக்கு ரெக்சின் மாற்றும் வேலையோ கடைசியில். பின்சீட்டைத் தூக்கும்போது அடியில் பத்துப் பைசா, ஹேர்பின், புளிப்பு மிட்டாய்த் தாள், சில சமயம் வெயிலில் லேசாக நெளிந்த, மேலே பட்டியல் அழிந்துபோன கேசட் ஒன்றும் கிடைக்கும். என்ன பாட்டு என்பதில் வீட்டில் ஆளுக்கொரு பாடம் சொல்லப்படும். அடுத்த ஞாயிறு உரிமையாளர் புதுப்பேட்டையில் எடைக்கடைகளின் முன் குந்தி, பழைய ப்ளேயர்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.