தரைவாழ் மாலுமி

பழைய ஆங்கிலக் கடலோவியங்களைச் சேகரிப்பவர் பெரும்பாலும் கடலுக்கு எட்டாத ஊரில் வாழ்பவர். ஓய்வுபெற்ற வழக்கறிஞராகவோ பல் மருத்துவராகவோ இருப்பார். பாய்மரக் கப்பலின் ஒவ்வொரு கயிற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். டோவரில் படகேறினால் கால் மணி நேரத்தில் தலைசுற்றிப் படுத்துவிடுவார்.

ஒரு படம் கைக்கு வந்தால் முதலில் அதைத் திருப்பிப் போட்டு முதுகைத்தான் பார்ப்பார். கித்தான் பழசா, பின்னால் புதுத் துணி ஒட்டியிருக்கிறதா, ஆணி எந்தக் காலத்தது, பழைய ஏலச் சீட்டு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று தேடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பது போலத்தான். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவார். பழைய வார்னிஷ் பச்சை பூத்தாற்போல ஒளிரும்; பின்னால் யாரோ பூசிய ஒட்டு வேலை கறுப்புத் திட்டாய்க் காட்டிக்கொடுக்கும். வானத்தில் திட்டு இருந்தால் மன்னித்துவிடுவார். கப்பலில் இருந்தால் பேச்சே கிடையாது.

அடுத்தது கொடி. பிரிட்டனின் ஒன்றியக் கொடியில் அயர்லாந்துக்கான சாய்ந்த சிவப்புக் கோடுகள் 1801இல்தான் சேர்ந்தன. 1794இல் நடந்த போரைக் காட்டும் படத்தில் அந்தக் கோடுகள் பறந்தால், அது போர்க்காலத்தில் வரைந்ததல்ல. அரச கடற்படை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று அணிகளாகப் பிரிந்திருந்த முறையும் 1864இல் ஒழிந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இவர் விருந்துக்கே போவார். சூப் ஆறிக்கொண்டிருக்க, சுவரில் தொங்கும் படத்தருகே பூதக்கண்ணாடியோடு நின்று, வீட்டுக்காரரின் பரம்பரைச் சொத்தின் வயதில் ஐம்பது ஆண்டைக் குறைத்துவிட்டு வருவார். அந்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வராது.

ஆங்கிலக் கடலோவியத்துக்கு வித்திட்டவர்கள் ஹாலந்துக்காரர்கள் என்பது இவருக்குக் கொஞ்சம் சங்கடமான செய்தி. வான் டி வெல்டே என்ற தந்தையும் மகனும் 1672-73 குளிர்காலத்தில் இங்கிலாந்துக்கு வந்தார்கள். இரண்டாம் சார்லஸ் மன்னர் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுன் சம்பளமும் கிரீனிச்சில் அரசி மாளிகையில் இடமும் கொடுத்தார். அவர்கள் படத்தை வாங்க இவருக்கு வசதி போதாது. ஆகவே ஏலப் பட்டியலின் கீழ்ப்படிகளில் இறங்குவார்: 'அவருடையதாகக் கருதப்படுவது', 'அவர் வட்டத்தைச் சேர்ந்தது', 'அவர் பாணியிலானது'. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இன்னார் பிள்ளை, இன்னார் வீட்டுக்கு வந்துபோகிற பிள்ளை, இன்னார் தெருப் பக்கம் ஒருமுறை நடந்த பிள்ளை. வாங்கி வந்து ஆறு மாதத்தில், இவர் வாயில் அது மூலவரின் படமாகவே ஆகிவிடும்.

கையெழுத்து இல்லாத படம் இவருக்கு வருத்தம் தருவதில்லை. சார்லஸ் புரூக்கிங் என்ற கடலோவியரின் கையெழுத்தை ஒரு வியாபாரி அழித்துவிட்டுத்தான் படங்களை விற்றான் என்று ஒரு பழங்கதை உண்டு. அந்த ஒரு கதையின் பலத்தில் கையெழுத்தில்லாத படமெல்லாம் புரூக்கிங்காகிவிடுகிறது.

ஓவியர்களில் நிக்கோலஸ் போக்காக் மேல் இவருக்குப் பக்தியே உண்டு. அவர் பிரிஸ்டலில் கப்பல் தலைவராக இருந்துவிட்டுத் தூரிகை எடுத்தவர். போக்காக் படத்தில் ஒரு கயிறு இடம் மாறியிருந்தால் சேகரிப்பாளர் தம் புத்தகத்தைத் திருத்திக்கொள்வார். சாமுவேல் ஸ்காட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி 1730களின் தொடக்கத்தில் தன் லண்டன் தலைமையகத்துக்காக ஆறு துறைமுகப் படங்கள் எழுதச் சொன்னது. சென்னை ஜார்ஜ் கோட்டையும் தலைச்சேரியும் அவற்றில் அடக்கம். நிலப்பரப்பை ஜார்ஜ் லாம்பர்ட்டும் கப்பல்களை ஸ்காட்டும் வரைந்தார்கள். இருவருமே இந்தியா வந்தவர்களல்லர். சென்னை அலையைக் கண்ணால் காணாமலே வரைந்தார்கள் என்று, எந்த அலையையும் அருகில் போய்ப் பார்க்காத இவர் கடிந்துகொள்வார்.

டர்னர் மீதுள்ள மனத்தாங்கல் இன்னும் பெரிது. 'டெமரேர்' போர்க்கப்பலை 1838இல் உடைக்க இழுத்துப் போனார்கள். டர்னரின் படம் 1839இல் வெளிவந்தது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் அதன் முன்னால் ஊரே கண்கலங்கி நிற்கும். நம்மவர் பக்கத்திலிருப்பவரின் தோளைத் தொட்டு, பாய்மரங்களை முன்கூட்டியே கழற்றிவிட்டார்கள் என்பார். இழுத்தவை இரண்டு நீராவிப் படகுகள், படத்தில் ஒன்றுதானே இருக்கிறது என்பார். அந்திச் சூரியனைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். அதில் கயிறு எதுவும் இல்லை.