தீப்பிடித்தால் 'நெக்ஸ்ட்' அழுத்தவும்

போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் அலுவலகத்தின் ஏழாவது மாடியில் தீப்பிடித்தது. நான் தப்பித்துவிட்டேன். நாற்காலியைவிட்டு எழவில்லை, காப்பி ஆறவில்லை, வலதுகை ஆள்காட்டி விரலைத் தவிர உடம்பில் வேறெதுவும் அசையவில்லை. பன்னிரண்டாவது நிமிடம் திரையில் ஒரு வெற்றிக்கோப்பை துள்ளிக் குதித்தது. 'வாழ்த்துகள்! நீங்கள் 92 சதவீதம் பாதுகாப்பாக வெளியேறிவிட்டீர்கள்.' மீதி எட்டு சதவீதம் எந்தப் பக்கம் வெந்துகொண்டிருக்கிறதோ என்று ஒருமுறை உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இதற்குப் பெயர் டிஜிட்டல் ஃபயர் டிரில். போன வருஷம் வரை நிஜப் பயிற்சி இருந்தது. நிஜம் என்றதும் ரொம்பவும் எதிர்பார்த்துவிட வேண்டாம். இரண்டு நாள் முன்னாலேயே மின்னஞ்சல் வந்துவிடும்: 'வெள்ளி காலை 11 மணிக்கு எதிர்பாராத தீ விபத்து. அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்.' பத்தே முக்காலுக்கே பாதிப் பேர் லிஃப்டில் இறங்கி, கீழே டீக்கடையில் எதிர்பாராமல் காத்திருப்பார்கள். ஆனாலும் மீதிப் பாதி ஏழு மாடி நடந்து இறங்கியது. முட்டி வலித்தது. வலித்த முட்டிக்காவது படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. நிர்வாகத்துக்கு அதுவும் பொறுக்கவில்லை. நானூறு பேர், தலைக்கு நாற்பது நிமிடம், ஆக மொத்தம் நஷ்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவன் என்பதால் அந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்தவன் நான்தான். பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

ஏப்ரலில் தீத்தொண்டு வாரம் வந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் அங்கேயே மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் 14 முதல் 20 வரை அந்த வாரம். எங்கள் அலுவலகம் எல்லோரையும் சிவப்புச் சட்டையில் வரச்சொல்லி, தீயணைப்பு வண்டி வடிவத்தில் கேக் வெட்டி, டிஜிட்டல் பயிற்சியைத் தொடங்கிவைத்து அவர்களுக்கு அஞ்சலி செலுத்தியது. கேக்கில் மெழுகுவத்தி ஏற்றலாமா கூடாதா என்று பத்து நிமிடம் வாக்குவாதம் நடந்தது. தீப்பாதுகாப்பு பற்றி அந்த மாடியில் இதுவரை நடந்த ஆழமான விவாதம் அதுதான்.

மறுமாதம் 'யூசர் ரிசர்ச்' வந்தது. பயன்படுத்துகிறவர் மனத்தை அறியும் ஆய்வு. மீட்டிங் அறைக் கண்ணாடி முழுக்க மஞ்சளும் ரோஸுமாகச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. எங்களை மூன்று சாதியாகப் பிரித்திருந்தார்கள்: அவசரக்காரர், தயங்குபவர், தொழில்நுட்பப் பிரியர். வயதைப் பார்த்ததுமே என்னைத் தயங்குபவரில் சேர்த்துவிட்டார்கள். எதிரே மடிக்கணினியோடு ஒரு பெண். இருபத்தைந்து வயதிருக்கும்.

"சார், வெளியேறுற அனுபவம் எப்படி இருந்துச்சு? அஞ்சு ஸ்டாருக்கு எத்தனை குடுப்பீங்க?"

"உயிரோட உக்காந்திருக்கேனே, அஞ்சும் போட்டுக்கம்மா."

"எந்த எடத்துல குழப்பம் வந்துச்சு சார்?"

"பின்பக்கப் படிக்கட்டுக்குப் போன்னு அம்புக்குறி காட்டுதே, அந்த எடத்துல."

"அம்புக்குறி சின்னதா இருக்கா? கலர் தெரியலையா?"

"அம்புக்குறி அம்சமா இருக்கு. கதவுதான் பூட்டியிருக்கு."

அந்தப் பெண் திரையில் பின்னால் போய்ப் பார்த்தாள். "இல்லையே சார், தெறந்துதான் இருக்கு."

"அதுல தெறந்திருக்கும்மா. இங்க பூட்டியிருக்கு. கொஞ்சம் திரும்பிப் பாரு, கண்ணாடி வழியாவே தெரியும்."

அவள் திரும்பவில்லை. "அது எங்க ஸ்கோப்ல வராது சார்" என்றாள். சொல்லும்போது முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. நல்ல பிள்ளை. அவளுக்குக் கொடுத்தனுப்பிய கேள்வித்தாளில் பூட்டுக்குக் கட்டம் போடவில்லை, அவ்வளவுதான். கட்டம் போடாதவர்கள் அந்த அறையில் இல்லை. அவர்கள் எந்த அறையிலும் இருப்பதில்லை.

பதினைந்து நாளில் ஆய்வு முடிவுகள் பெரிய திரைக்கு வந்தன. தீயின் சிவப்பு பதற்றம் தருகிறதாம். தீ மாம்பழ நிறத்துக்கு மாறியது. அபாயச் சங்கு காதைக் குடைகிறதாம். சங்கு போய்ப் புல்லாங்குழல் வந்தது. புகை வந்து 'நெக்ஸ்ட்' பொத்தானை மறைக்கிறது என்று எட்டுப் பேரில் ஆறு பேர் குறைப்பட்டுக்கொண்டார்களாம். புகையை எடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் கைதட்டல். எனக்குக் கை எழவில்லை. தீ விபத்தில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது புகை. தழல் வந்து சேருவதற்குள் புகை வேலையை முடித்துவிட்டிருக்கும். கண் தெரியாது, தொண்டை அடைக்கும், தரையோடு தரையாகத் தவழ்ந்து சுவரைத் தடவித்தான் வாசலைப் பிடிக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் உருப்படியாக இருந்த ஒரே வாத்தியார் அந்தப் புகை. பொத்தானை மறைத்த குற்றத்துக்காக அதை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டார்கள்.

கேட்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். கேட்கப்படாதவர்கள்: துப்புரவு வேலை செய்யும் அக்கா, இரவுக் காவலாளி, பேன்ட்ரியில் டீ போடும் தம்பி, ஏசி பழுது பார்க்க வருகிறவர். இவர்கள் யூசர் அல்ல. யூசர் என்றால் லாகின் ஐடி வேண்டும். தீயும் ஐடி கார்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அன்று மாலை அக்காவிடம் கேட்டேன். பத்து வருஷமாக அந்த மாடியைப் பெருக்கித் துடைக்கிறவர். ஐந்து நிமிடத்தில் மாடியைச் சுற்றிக்காட்டினார். லிஃப்ட் பக்கத்துப் படிக்கட்டுக் கதவு தீத்தடுப்புக் கதவு. எப்போதும் தானாக மூடிக்கொண்டு புகையைப் படிக்கட்டுக்குள் விடாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. அது ஆவென்று திறந்து கிடந்தது. கீழே முட்டுக் கொடுத்திருந்தது தீயணைப்பு உருளை.

"சும்மா சும்மா டப்புனு சாத்திக்குதுன்னு கம்ப்ளைன்ட் சார். அதான் இத்த வெச்சு நிறுத்தியிருக்கு."

குனிந்து பார்த்தேன். அழுத்தம் காட்டும் முள் பச்சையை விட்டுச் சிவப்புக்குப் போய்ப் படுத்திருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் கடைசியாக நிரப்பிய தேதி 2019. உருளை தன்னால் முடிந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பின்பக்கக் கதவில் சங்கிலியும் பூட்டும். கண்ணாடித் துண்டு வழியே எட்டிப் பார்த்தால் படிக்கட்டு முழுக்கக் கால் உடைந்த நாற்காலிகள், பழைய யூபிஎஸ் பேட்டரிகள், தண்ணீர் கேன்கள், ஆயுத பூஜைக்கு வாங்கிய தெர்மகோல் தோரணம். ஏன் பூட்டினார்கள் என்று கேட்டேன். அக்கா சிரித்தார். "பசங்க அங்க போய் சிகரெட் புடிக்கிறாங்களாம் சார். தீப்புடிச்சிடுமாம்."

இன்னொரு முறை சொல்கிறேன். தீப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தீப்பிடித்தால் தப்பும் வழியைப் பூட்டியிருக்கிறார்கள். சாவி நிர்வாக அதிகாரியிடம் இருக்கிறது. அவருக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. ஆகவே தீ திங்கள், வியாழன் இரண்டு நாளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வருவது நல்லது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. 2016 பதிப்பின் நான்காம் பகுதி முழுக்கத் தீயும் உயிர்ப்பாதுகாப்பும்தான். வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவியில்லாமலே திறக்க முடிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. எட்டுப் பேரைப் பேட்டி எடுத்து, சீட்டு ஒட்டி, பதினைந்து நாள் மண்டையை உடைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எழுதியே வைத்திருக்கிறது.

ஆய்வே வீண் என்று சொல்ல வரவில்லை. ஒழுங்கான ஆய்வு நடந்திருக்கிறது. 1968-இல் பிப் லடானே, ஜான் டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். சற்று நேரத்தில் சுவரிலிருந்த துவாரம் வழியே அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து வந்து தகவல் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேரை, ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கச் சொல்லி உட்காரவைத்தபோது, எழுந்து வந்தவர்கள் 10 சதவீதம். மற்றவர்கள் கண்ணைக் கசக்கினார்கள், இருமினார்கள், புகையைக் கையால் விலக்கினார்கள், கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள்.

புகை வந்துகொண்டிருக்க, பக்கத்திலிருப்பவன் முகத்தைப் பார்த்துவிட்டு, படிவம் நிரப்புவது. அன்றைக்கு அது பரிசோதனை. இன்றைக்கு அதற்கு டெண்டர் விடுகிறோம்.

இன்னொன்று இங்கிலாந்தில், நியூகாஸில் நகரத்துச் சுரங்க ரயில் நிலையத்தில் நடந்தது. மணியை மட்டும் அடித்துப் பார்த்தார்கள். ஜனங்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். என்ன ஆபத்து, எந்தப் பக்கம் போவது என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொல்லி, ஊழியர்களும் வழிகாட்டியபோது மடமடவென்று காலிசெய்தார்கள். மனிதன் சங்குக்கு அசையமாட்டான், மனிதக் குரலுக்கு அசைவான். எங்கள் மாடியில் அப்படி ஒரு குரல் இருக்கிறது. அக்கா 'ஈரம்! கால வெக்காதீங்க!' என்று ஒரு சத்தம் போட்டால் மேனேஜர் உட்பட அத்தனை பேரும் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பயிற்சிக்கு அந்தக் குரலை எடுக்கவில்லை. புல்லாங்குழலை எடுத்தார்கள்.

சிரித்தது போதும். நம் ஊரில் இந்த ஆய்வு எப்போதோ முடிந்துவிட்டது. அதற்கு விலையும் கொடுத்தாகிவிட்டது.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலக் காப்பகம் என்ற பெயரில் கீற்றுக்கொட்டகை. கட்டிப்போட்ட சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்தார்கள். அவர்களுக்கு எந்த அம்புக்குறியை எந்த நிறத்தில் காட்டுவது? 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்தின் மாடியில் கீற்றுப் பந்தல், இறங்குவதற்கு ஒடுக்கமான படி. மாப்பிள்ளையோடு சேர்த்து 50 பேருக்கு மேல் போனார்கள். கீற்றும் ஒடுக்கமான படியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. உச்சுக் கொட்டியது. ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியோடு கிழக்கே போனால் ஒரு பஸ் தூரத்தில் கும்பகோணம். 2004 ஜூலை 16. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அடுப்பு, மேலே கீற்றுக் கூரை, கீழே இறங்க ஒடுக்கமான படிக்கட்டு. 94 குழந்தைகள்.

அந்த 94 பேரும் அறிக்கை கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். கூரையைப் பிரி. படியை அகலமாக்கு. வழியை அடைக்காதே. கதவைப் பூட்டாதே. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும் நான்கு வரி. அதற்குப் பிறகு விசாரணைக் கமிஷன் போட்டார்கள், வழக்கு நடந்தது, 2009-இல் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமே பாதுகாப்பான பள்ளிக்கூடம் குழந்தையின் உரிமை என்று சொல்லியாகிவிட்டது. ஜூலை 16 வந்தால் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். மறுநாள் அதே கையால் படிக்கட்டில் உடைந்த நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடுகிறோம். தெரியாமல் செய்கிறோம் என்று யாராவது சொன்னால் செருப்பைக் கழற்றத் தோன்றுகிறது. தெரியும். பூட்டுப் போட்டவனுக்குத் தெரியும், சான்றிதழில் கையெழுத்துப் போட்டவனுக்குத் தெரியும், நாற்பது நிமிட நஷ்டக் கணக்குப் போட்ட எனக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்ய ஒரு கடப்பாரை போதும், ஒரு மணி நேரம் போதும். செய்யாமலிருக்க வேண்டுமானால்தான் ஆய்வு வேண்டும், அறிக்கை வேண்டும், அடுத்த கட்டம் வேண்டும்.

ஆய்வின் கடைசிப் பக்கத்தில் 'வேறு ஏதேனும் கருத்து?' என்று ஒரு பெட்டி இருந்தது. இருநூறு எழுத்துக்குள். 'பின்பக்கக் கதவு பூட்டியிருக்கிறது. சாவி எங்கே?' என்று எழுதினேன். உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி, அடுத்த பதிப்பில் நிச்சயம் சேர்க்கப்படும் என்று பதில் வந்தது.

சொன்னபடியே சேர்த்துவிட்டார்கள். போன வாரம் புதிய பதிப்பு வந்தது. மாம்பழத் தீ, புல்லாங்குழல், பின்பக்கக் கதவு. இப்போது அதில் பூட்டும் இருக்கிறது. 'சாவியைக் கண்டுபிடியுங்கள்! 50 போனஸ் புள்ளிகள்!' மேசை இழுப்பறை, பூந்தொட்டி, மீன்தொட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேட வேண்டும். நேர வரம்பு கிடையாது. அவசரப்படுத்தினால் பயனர்கள் மனம் சங்கடப்படுகிறதாம்.

தேடிக்கொண்டிருந்தபோது அக்கா என் மேசைக்கடியில் குப்பைக்கூடையை எடுக்கக் குனிந்தார். திரையைப் பார்த்தார்.

"இன்னா சார் தேடுற?"

"சாவிக்கா."

"நம்ம பின்னாடி கதவுக்கா?" குரலைத் தணித்துக்கொண்டார். "அதெல்லாம் தேடாத சார். பக்கெட் வெக்கிற ரூம்ல மாப்புக்குப் பின்னால ஒரு இரும்பு ராடு போட்டு வெச்சிருக்கேன். ஏதாச்சும் ஒண்ணுன்னா நேரா அங்க வந்துடு."

போய்ப் பார்த்தேன். இருந்தது. மூன்றடி நீளம், கை பிடிக்கும் இடத்தில் பழைய துணி சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. திரும்பி வந்தபோது மீன்தொட்டி இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டேன். 61 சதவீதம்தான் வெளியேறியிருக்கிறேன் என்று மேனேஜருக்கு மின்னஞ்சல் போயிருக்கிறதாம்.