வால்வ் அண்ணன்

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கிட்டார் வாசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிட்டார் அம்பிளிபயர் திருத்துபவர் ஒரேயொருவர்தான். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 'ஈ' கோட் ஒன்றை மட்டும் பிடிப்பார், அதுவும் பரிசோதனைக்காக. இப்படி ஒருவர் உலகத்தில் எல்லா ஊரிலும் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் அவருக்குப் பெயர் வால்வ் அண்ணன்.

அம்பிளிபயர் பெட்டியைத் திறந்ததும் அவருடைய இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் ஒரு கையால் ஏறி, நெஞ்சு வழியாகப் போய், மறு கையால் இறங்கும். சாரத்துக்குப் பை ஏது? ஆகவே கை முதுகில். பார்ப்பவர்களுக்கு அவர் பெட்டிக்கு மரியாதை செய்வதுபோலத் தோன்றும். அதுவும் பொய்யில்லை. பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டன்சர்களில் கரண்ட் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் ஒன்றைக் கொடுத்து அதை வடியவிட்டு, மீற்றர் பூச்சியத்துக்கு வந்த பிறகுதான் கை வைப்பார். அதற்குள் யாராவது எட்டிப்பார்த்தால், "தொடாத தம்பி! கழற்றி வச்சாலும் கடிக்கும்!" என்ற சத்தம் றோட்டுக்குக் கேட்கும்.

அவரிடம் இருக்கும் பெட்டியின் முகப்பில் வொக்ஸ் என்று எழுதியிருக்கிறது. 1950களின் கடைசியில் இங்கிலாந்தின் டார்ட்ஃபர்ட் நகரில் டிக் டென்னி வடிவமைத்த ஏசி30 வகை. பீட்டில்ஸ் பொடியன்களுக்குப் பின்னால் நின்றதும் இந்த வகைதான். சம்பூருக்கு அது எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை வரும். 1970களில் இலங்கைத் தமிழ் பொப்பிசை கொடிகட்டிப் பறந்தது. திருகோணமலையின் பரமேஷ் – கோணேஷ் சகோதரர்களைத் தெரியாத வீடு கிடையாது. அந்தக் காலத்து மேடை ஏதோ ஒன்றில் இது நின்றதாம். எந்த மேடை என்பது கேட்பவரின் வயதைப் பொறுத்து மாறும்.

உண்மையில் சம்பூரில் எந்தப் பழைய பொருளும் ஊரிலிருந்து பழசானதல்ல. 2006 ஏப்ரலில் போரின் குண்டுவீச்சுக்குள் ஓடிய சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, பெட்டிகளை அல்ல. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாமில் இருந்துவிட்டு, 2015 இல் காணி விடுவிக்கப்பட்ட பிறகு திரும்பி வந்தால், வீடு நின்ற இடத்தில் பற்றைக்காடு. வீடு புதுசு, கதிரை புதுசு, கிணற்றுக்கட்டுக்கூடப் புதுசு. அப்படிப்பட்ட ஊரில் அறுபது வருசத்துப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தால், அதை 'ஒரிஜினலாக' வைத்திருக்க ஒரு மனுசன் பாடுபடத்தான் செய்வான். ஒரிஜினலாக வைத்திருக்க அவர் கையாளும் வழிதான் கொஞ்சம் விசித்திரம்: இடைவிடாமல் மாற்றுவது.

முதலில், சத்தத்தைக் கூட்டாமலே முறுகிய ஓசை எடுக்கவென்று முகப்பில் ஓட்டை போட்டு இன்னொரு வொலியூம் வைத்தார். பிறகு உச்சத்தொனி போதாது என்று ஒரு கண்டன்சரை மாற்றினார். அது காதைக் குத்தியது. அதைத் தணிக்க இன்னொன்று, அதைச் சரிக்கட்ட வேறொன்று. கடைசியில் பழைய வரைபடத்தைத் தேடிப்பிடித்து, எல்லாவற்றையும் கழற்றி, டார்ட்ஃபர்ட்டில் எப்படி இருந்ததோ அப்படியே ஒட்டிவைத்தார். "இப்பதான் மச்சான் சத்தம் சத்தமா இருக்கு!" என்றார். முகப்பில் மிஞ்சிய ஓட்டைகளைச் சைக்கிள் டியூப் துண்டால் அடைத்திருக்கிறார்.

பெட்டிக்கு உண்மையில் வேண்டியது இதுவல்ல. வயதான கண்டன்சர்கள் காய்ந்துவிட்டால், நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் 100 ஹேர்ட்ஸ் இரைச்சலாக ஸ்பீக்கரில் ரீங்கரிக்கும். அவற்றை மாற்ற வேண்டும். கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றில் வால்வ் என்ற கண்ணாடிக் குழாய் குந்தும் சொக்கெட் களிம்பு பிடிக்கும், துடைக்க வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை ஓட்டக் கூடாது. ஓட்டினால் டிரான்ஸ்போமர் கருகும். பழைய பெட்டியின் எர்த் அறுந்திருந்தால் பெட்டியின் உடம்பே ஆளைக் கொல்லும். வால்வ் அண்ணன் இதையெல்லாம் ஒரு பின்னேரத்தில், ஒரு சொல்லும் பேசாமல், செய்து முடித்துவிட்டார். அவர் செய்ததிலேயே உருப்படியானது புது வயர் போட்டு எர்த் கொடுத்ததுதான். அதைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

பேச்செல்லாம் வால்வைப் பற்றித்தான். ஏசி30க்கு வலு கொடுப்பவை நான்கு ஈஎல்84 வால்வுகள். அளவுக்கு மேல் சுட்டுக்கொண்டே வேலை செய்வதால் அவற்றுக்கு ஆயுள் குறைவு. இன்று உலகத்தில் இந்த வால்வைச் செய்யும் இடங்கள் சிலவே: ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா. வெளிநாட்டு உறவினர்கள் ஊருக்கெல்லாம் சொக்லேட் கொண்டுவர, இவருக்கு மட்டும் காலுறைக்குள் சுற்றிய வால்வ் வரும். வந்ததும் உச்சியைப் பார்ப்பார். கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளிப்பூச்சு மினுங்க வேண்டும்; அது வெள்ளையாகப் பூத்திருந்தால் காற்றுப் புகுந்து வால்வ் செத்துவிட்டது. பிறகு எரியும் வால்வை மூங்கில் குச்சியால் தட்டுவார். ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்டால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. பஞ்சில் சுற்றிய ஒன்றைத் தனியாகக் காட்டுவார். பிரித்தானியக் கடற்படை 1957 இல் திருகோணமலைத் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போகையில் விட்டுச்சென்றதாம். அதன் மேலிருப்பது ரஷ்ய எழுத்து.

அவருடைய மனைவியான அக்காவுக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. "அந்தப் பெட்டிக்குப் பத்து வோல்ட் கூடினா இவருக்கு இரவிரவா நித்திரை இல்ல. எனக்குப் பிரஷர் கூடினா ரெண்டு பனடோல்."

வோல்ட் விசயத்தில் அவர் ஒரு தனிக்கட்சி. சம்பூருக்கு 500 மெகாவாட் அனல்மின் நிலையம் வருகிறது என்றபோது சனம் காணியையும் கடலையும் காற்றையும் நினைத்துக் கலங்கியது. இவர் கூட்டத்தில் எழும்பிக் கேட்டது ஒன்றுதான்: "வந்தா கரண்ட் 230 இல நிக்குமா?" 2016 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டபோது ஊர் சந்தோசப்பட்டது. இவருடைய கேள்விக்கு இன்னும் பதிலில்லை.

கலியாண வீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ பெட்டியை இரவல் கேட்டு வரும் பொடியன்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. 'ஈ' கோட்டைப் பிடித்துவிட்டு, "எப்படியிருக்கு?" என்பார். "இரையுது அண்ண" என்றால், திருத்தவென்று கழற்றிவிடுவார். "நல்லா இருக்கு அண்ண" என்றால், இன்னும் நல்லாக்கலாம் என்று கழற்றிவிடுவார். இரண்டு வழியிலும் கலியாணம் வேறு பெட்டியோடுதான் நடக்கும்.

கரண்ட் போகும் நேரம் பார்த்துப் போவதே பொடியன்கள் கண்டுபிடித்த ஒரே வழி. கோட் பிடிக்க முடியாது, ஈயம் ஒட்டும் அயன் சூடேறாது, கேள்வியும் வராது. மூடியபடியே தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். இதுவரை அந்தப் பெட்டியை அவரிடமிருந்து காப்பாற்றி வருவது மின்சார சபைதான். சூரிய மின் நிலையம் ஒன்றுக்கு 2025 ஏப்ரலில் சம்பூரில் வேலை தொடக்கி வைத்திருக்கிறார்கள். ஊர் வெளிச்சமாகட்டும் என்று எல்லாரும் நேர்ந்துகொள்ள, கிட்டார் பொடியன்கள் மட்டும் பத்திரகாளியிடம் வாரத்துக்கு ஒரு கரண்ட் கட் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.