பேரன் லாரி ஓட்டப் போறான்

இன்னா கண்ணு, போன்ல அந்த வண்டியக் காட்டினியே, நல்லாப் பாத்தேன். உள்ளயே கட்டிலு, அடுப்பு, பிரிட்ஜு, கக்கூஸு. ஆர்.வி.ன்னு பேரு சொன்ன. சியாட்டில்ல இருந்து கனடா வழியா அலாஸ்கா வரைக்கும் மூணு வாரம், அதுலயே ஆக்கி, அதுலயே தூங்கி, புள்ளைங்களோட கரடி பாக்கப் போறீங்க. போய்ட்டு வாங்க. உங்க தாத்தன் முப்பது வருசம் சம்பளம் வாங்கிக்கினு செஞ்ச வேலைய நீ காசு குடுத்து செய்யறியேன்னுதான் சிரிப்பு வந்துச்சு.

நான் ராணிப்பேட்டையில இருந்து கல்கத்தா, கான்பூருன்னு நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினவன். திரும்பி வரசொல்ல உப்பு போட்ட பச்சைத் தோலு லோடு. சீட்டுக்குப் பின்னால இருந்த பலகைதான் கட்டிலு. வண்டி நெழல்ல மண்ணெண்ணெய் ஸ்டவ்வ வச்சு சோறு. அப்போ அதுக்கு டூருன்னு பேரு இல்ல. "ஊர்சுத்தி"ன்னு உங்க பாட்டிதான் பேரு வச்சா. மைலேஜப் பாரு. பத்து டன் தோலை ஏத்திக்கினு என் வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குடுத்துச்சு. உன் வண்டி நாலு பேரை ஏத்திக்கினு அதே நாலு குடுக்குதாம். ஒருவேளை நீங்க பத்து டன் ஏறிட்டீங்களோ இன்னாவோ.

சரி, புத்தி சொல்றேன், கேட்டுக்கோ.

மொதல்ல அந்தக் கக்கூஸு தொட்டி. கறுப்புத் தண்ணின்னு அதுக்கு நாகரிகமா ஒரு பேரு வச்சிக்கிறீங்க. ரொம்பினா கையில உறை மாட்டிக்கினு, தடியா ஒரு குழாய சொருகி, மதகத் தொறக்கற மாதிரி தொறந்து நீயேதான் காலி பண்ணணுமாம். அந்த வேலைய இத்தினி நாளா எவன் தலையில கட்டிக்கினு நாம மூக்கப் பொத்திக்கினு போனோம்னு அங்க நின்னு ஒரு நிமிசம் யோசி. இந்த டூர்லயே அதுதான் உனக்குப் பெரிய படிப்பு. மூக்கப் பத்திக் கவலப்படாத. பச்சைத் தோலு லாரி ஓட்டின வம்சம், தாங்கும்.

ரெண்டாவது ரோடு. டாசன் கிரீக்ல ஆரம்பிக்கிற அந்த அலாஸ்கா ஹைவேய 1942ல, ஜப்பான்காரனுக்கு பயந்து, அமெரிக்கப் பட்டாளம் எட்டே மாசத்துல போட்டுதாம். நம்ம வாலாஜா - பூந்தமல்லி ஆறுவழி ரோட்ட அதோட ஒப்பிட்டுப் பேச மாட்டேன், நான் இந்த ஊர்ல இருக்கணும். ஆனா அங்க அடியில மண்ணே பனியா உறைஞ்சு கெடக்குது. இளகினா ரோடு அலை அலையா எழும்பும். மெதுவாப் போ. இல்லன்னா உன் பொண்டாட்டி ஆசையா வாங்கின பீங்கான் தட்டு டப்பாங்குத்து ஆடும். டேங்க் பாதி ஆனா பங்க்கத் தேடு. "அடுத்ததுல பாத்துக்கலாம்"னு போன டிரைவருங்க ரோட்டோரம் ஒக்காந்திருக்கறத நான் நெறைய பாத்தவன்.

மூணாவது கருவாடு. உங்க அம்மா பார்சல்ல நெத்திலி வச்சு அனுப்பியிருக்கா, எனக்குத் தெரியும். அத்த கரடிக் காட்டுல வறுத்தேன்னா நீ கரடிய தேடிப் போவ வேணாம், அது எல போடச் சொல்லி வந்துடும். மோப்பத்துல நாய் அதுகிட்ட பிச்சை வாங்கணும். சோத்த வெளிய வைக்காத, எச்சிலக் கொட்டாத. ஒரு வாட்டி மனுசன் சோத்த ருசி பாத்த கரடி மறுபடி மறுபடி வரும், கடைசில அத்த சுட்டுடுவாங்க. உன் நெத்திலிக்கு அது ஏன் சாவணும்?

நாலாவது எட்டி நிக்கறது. கரடிக்கு கொறைஞ்சது நூறு மீட்டர் எட்டி நிக்கணும்னு கனடா பக்கம் சொல்றாங்க. டேப்பு எடுத்துக்கினு கிட்டப் போயிடாத. கைய நீட்டி, ஒரு கண்ண மூடி, கட்டைவிரலத் தூக்கு. விரலு கரடிய முழுசா மறைச்சுதுன்னா நீ சரியான எடத்துல நிக்கற. விரலுக்கு ரெண்டு பக்கமும் கரடி தெரிஞ்சுதுன்னா போட்டோவ விட்டுட்டு வண்டில ஏறு.

லையார்டு ஆத்துப் பக்கம் காட்டெருமைக் கூட்டம் ரோட்டுலயே நிக்குமாம், படுக்குமாம். நம்ம ஹைவேல மாடு படுத்திருந்தா ஹாரன்ல கைய வச்சு அழுத்தற ஆளு நீ. அங்க ஹாரன் அடிக்காத, அதுவா எழுந்து போவட்டும். மூஸுன்னு ஐநூறு கிலோவுக்கு மேல ஒரு மான் கீது. கால் மட்டும் நெட்டை. இடிச்சா கால் பம்பர்ல, ஒடம்பு உன் மடியில. பொழுது சாஞ்சா வண்டிய ஓரங்கட்டு.

நம்ம குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமும் மிருகம் பாக்கறாங்கப்பா. கவுண்டின்யா காட்டுல இருந்து யானை எறங்குனா தோப்புக்காரன் ராத்திரி பூரா முழிச்சு, தகரம் தட்டிக்கினே பாக்கறான். டிக்கெட்டு இல்ல. காலையில வாழை இருந்தா லாபம்.

கடைசியா ஒண்ணு. வாட்சன் லேக்னு ஒரு ஊரு வரும். ரோடு போட வந்த சிப்பாய் ஒருத்தன், வீட்டு ஞாபகம் தாங்காம, தன் ஊர்ப் பேர எழுதி ஒரு பலகை நட்டானாம். அத்தப் பாத்து போறவன் வர்றவன் எல்லாம் நட்டு, இப்போ அது பலகைக் காடாவே ஆயிடுச்சு. நீயும் ஒண்ணு அடி. காவேரிப்பாக்கம்னு தமிழ்லயே எழுது.

எத்தினி கிலோமீட்டர்னு மட்டும் போடாத கண்ணு. அந்த மாதிரி வடக்குச் சீமையில முட்டை வைக்கிற உள்ளான் குருவி, உள்ளங்கையில அடங்கிடும், கட்டிலு அடுப்பு ஒண்ணும் இல்லாம வருசா வருசம் நம்ம ஏரிக்கு வந்துட்டுப் போவுது. நீ வந்து மூணு வருசம் ஆச்சு. நம்பர எழுதி வச்சேன்னா, அதையே ஒரு சாக்கா சொல்லுவ.