பந்தல் போட்டால் போதும்

செய்தியைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளத் தமிழகக் கட்சிகள் கொட்டிய காசை நினைத்தால் வயிறு எரிகிறது. ஜெயா, கலைஞர், மக்கள், கேப்டன் என்று ஆளுக்கொரு சேனல். ராஜபாளையம் ஜவகர் மைதானத்தில் நடப்பது ஒரே கூட்டம்தான். ஒரு கேமரா மேடையேறி மக்கள் கடலைக் காட்டும். இன்னொன்று பந்தி முடிந்த நேரமாகப் பார்த்து வந்து காலி நாற்காலிகளை எண்ணும். இத்தனை கோடியும் வீண். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பாடம் கேட்டிருந்தால் பந்தல் செலவோடு முடிந்திருக்கும்.

2018 ஜனவரி 7. ராஜபாளையத்தில் தினமணி நடத்திய விழாவில் ‘தமிழை ஆண்டாள்’ என்ற கட்டுரையைக் கவிஞர் வைரமுத்து வாசித்தார். மறுநாள் பத்திரிகையிலும் வந்தது. ஆண்டாளின் குலம் பற்றி ஓர் ஆய்வு நூலிலிருந்து அதில் ஒரு மேற்கோள். நூலை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தின் கணக்கில் எழுதிவிட்டார். அவருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. மேற்கோள் காட்டுகிறவர் நூலின் முதல் பக்கத்தையாவது புரட்டியிருக்க வேண்டும். ஆனால் பத்திரிகையில் வந்த தப்புக்கு மருந்து பத்திரிகையிலேயே இருக்கிறது: ஒரு மறுப்புக் கடிதம், நாலு வரித் திருத்தம்.

அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? பா.ஜ.க.வின் அன்றைய தேசியச் செயலாளர் எச். ராஜா மைக்கைப் பிடித்தார். அவர் பேசியதை இங்கே அச்சிட்டால் இந்த இதழை வீட்டுக்குள் வைக்க முடியாது. ஆண்டாளின் மானத்தைக் காக்க வந்த வாயில் வந்த தமிழ் அது! கவிஞர் வருத்தம் தெரிவித்தார். பத்திரிகையும் தெரிவித்தது. போதாதாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சன்னிதிக்கு நேரில் வா என்றார்கள். அந்த ஊர் ஜீயர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். எங்களுக்கும் சோடா பாட்டில் வீசத் தெரியும் என்று பேசி, அப்புறம் அதற்கு அவரே வருத்தப்பட்டார். போலீஸ் வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் விசாரணைக்குத் தடை போட்டது. தடை இருந்தும் என்ன பயன்? அந்த மாதம் முடிவதற்குள் தினமணி ஆசிரியர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

1934இல் டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு பிறந்த ஏடு. நெருக்கடி நிலையில் தணிக்கையை எதிர்த்துத் தலையங்க இடத்தை வெறுமையாக விட்ட எக்ஸ்பிரஸ் குழுமத்து ஏடு. இந்திரா காந்தியின் போலீஸுக்கு வளையாத முதுகு, மாவட்டத்து மைக் செட்டுக்கு வளைந்தது.

வரவு செலவைப் பாருங்கள். லைசென்ஸ் இல்லை, ஸ்டூடியோ இல்லை, ஒரு நிருபருக்குக்கூடச் சம்பளம் இல்லை. ஆனாலும் அன்று முதல் ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்திலும் பா.ஜ.க.வுக்கு ஓர் இருக்கை கிடைத்துவிட்டது. உதவி ஆசிரியர் பேனாவை எடுக்கும்போதே, “எதுக்கு சார் வம்பு” என்று அது பேசும். அடித்தல் திருத்தலை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கழகங்கள் இதைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம். 1987இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியரை அ.தி.மு.க. ஆட்சியில் சட்டமன்றம் ஜெயிலுக்கு அனுப்பியது. 2007 மே 9 அன்று, கலைஞரின் வாரிசு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பு போட்டதற்காக, தி.மு.க. ஆட்சியில் மதுரை தினகரன் அலுவலகம் எரிந்து 3 ஊழியர்கள் செத்தார்கள். அது சொந்தக் குடும்பத்துப் பேப்பர்! அதை நடத்திய மாறன்களுக்கே அந்தக் கதி என்றால் மாவட்ட நிருபர் எந்த மூலைக்கு?

சரி, வைரமுத்து தப்பாகச் சொன்ன அந்த நூல் எங்கே அச்சானது? 1978இல் சிம்லாவில். வெளியிட்டது இந்திய உயர் ஆய்வு நிறுவனம், அதாவது மத்திய அரசின் நிறுவனம். 2018இல் மத்தியில் ஆண்டது எச். ராஜாவின் கட்சி. சிம்லாவில் யாரும் பந்தல் போடவில்லை.