விளக்கு மாப்ளே, நல்லா விளக்கு

ஏன் மாப்ளே, உங்க அப்பத்தா தகரப் பெட்டியில ராணி தலையும் ராஜா தலையுமா வெள்ளி ரூவா கெடச்சுதாமே! சந்தோஷம். அதை அமெரிக்காவுக்கு அனுப்பி, கிரேடிங் பண்ணி, பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள அடைச்சு வாங்கப் போறியாம். ரொம்பச் சந்தோஷம். ஆனா காசு கருத்துக் கெடக்கே, அனுப்புறதுக்கு முன்னாடி பளிச்சுன்னு ஆக்கிப்புடலாமான்னு ஊரெல்லாம் கேட்டியே, இந்த மாமன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? விளக்குய்யா. புளியில ஊறப்போடு, திருநீறத் தொட்டுத் தேயி. பல்பொடி மிச்சம் இருந்தா அதையும் போடு. நான் தடுக்கவே மாட்டேன். அதுல எனக்கு ஒரு ஆதாயம் இருக்கு.

நீ காசைக் காட்டப்போற ஆளுக யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்க. பி.சி.ஜி.எஸ். 1986லேருந்து இந்த வேலை பாக்குது. என்.ஜி.சி. அதுக்கு மறு வருஷம் வந்துச்சு, ஃபுளோரிடாவுல சரசோட்டான்னு ஒரு ஊர்ல இருக்கு. ரெண்டு பேருக்கும் காசு பாக்குறது ஒண்ணுதான் பொழப்பு. மாட்டுச் சந்தையில கெழட்டு மாட்டுக்குக் கொம்பச் சீவி, எண்ணெயத் தடவி, கழுத்துல சலங்கையக் கட்டி இழுத்துட்டு வருவான் பாரு, அப்பிடி நீ போற. வாங்குற கவுண்டர் கொம்பையா பாப்பாரு? தாடையப் புடிச்சு வாயத் தொறந்து பல்ல எண்ணுவாரு. உன் காசை அவன் வெளக்குக்குக் கீழ வச்சு ஒரு திருப்பு திருப்புவான். அம்புட்டுத்தான்.

திருப்புனா என்னத்தப் பாப்பான்? அச்சுல அடிக்கிறப்ப வெள்ளி நசுங்கி நடுவுலேருந்து விளிம்ப நோக்கி ஓடும். ஓடுன தடம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிசுக் கோடா காசு முழுக்கப் பதிஞ்சிருக்கும். புழங்காத காசைச் சாய்ச்சுத் திருப்புனா, அந்தக் கோட்டு மேல வெளிச்சம் சுத்திச் சுத்தி ஓடும். அதைத்தான் லஸ்டர்ங்குறான். நீ திருநீறு போட்டுத் தேய்ச்சா அந்தக் கோடெல்லாம் போயி, அதுக்குப் பதிலா உன் வெரல் போன பக்கமெல்லாம் புதுக் கீறல் விழும். வீட்டு டியூப்லைட்டுல உனக்குக் காசு மின்னும். அவன் வெளக்குல கீறல் மின்னும்.

சரி, தேய்க்கல, முக்கி எடுக்கிறேன்னு சொல்லுவ. நகைக் கடையில வெள்ளிக்கின்னே ஒரு தண்ணி வச்சிருக்கான், அமிலமும் தயோயூரியாவும் கலந்தது. முக்குனா கறுப்பு நொடியில போகும், நெசந்தான். கறுப்பு ஏதுங்கிற? காத்துல, காயிதத்துல, அட்டையில, ரப்பர் பேண்டுல இருக்கிற கந்தகம் வெள்ளியோட சேந்து உண்டான படலம். ஒரு மயிரிழையில ஆயிரத்துல ஒரு பங்கு கனம் இருந்தாலே நெறம் காட்டும். முதல்ல வெளிர் மஞ்சள், அப்புறம் செம்பட்டை, ஊதா, நீலம், கடைசியாக் கறுப்பு. அந்தப் படலத்துல இருக்கிறதும் காசோட வெள்ளிதான். கறுப்பைக் கழட்டுனா கூடவே மேல்தோலும் கழண்டு வரும். ஒருதரம் கைதேர்ந்தவன் லேசா முக்குனா தப்பிச்சிரும். அமெரிக்காக்காரன் மோர்கன் டாலர்ல வெள்ளை வெளேர்னு இருக்கிறது பாதி அப்பிடிக் குளிச்சதுதான்னு காசுக்காரங்களே சிரிப்பாங்க. நீ கைதேர்ந்தவனா? போன பொங்கலுக்குச் செம்பு விளக்கி ஓட்டையாக்குன ஆளு.

கெடுத்துட்டா என்ன ஆகும்? ஷெல்டன்னு ஒருத்தர் 1949ல பழைய செப்புச் சென்டுக்காகப் போட்ட கணக்கு, 1லேருந்து 70 வரைக்கும். இன்னைக்கும் அதுலதான் மார்க்கு. 60லேருந்து மேல போனா புழங்காத காசு. தேய்ச்ச காசுக்கு மார்க்கே கெடையாது மாப்ளே. 'டீட்டெயில்ஸ், கிளீன்டு'ன்னு சீட்டுல அடிச்சு, அதே டப்பாவுல பத்திரமா அடைச்சு அனுப்பிருவான். கட்டுன கட்டணம் திரும்பாது. காசு கெட்டுப்போச்சுங்கிறதுக்குக் காசு குடுத்து சர்டிபிகேட் வாங்குன மொத ஆளு நம்ம வம்சத்துல நீயாத்தான் இருப்ப.

இன்னொரு கூத்தும் நடக்கும், பாரு. வெள்ளையாக்குனப்புறம் எவனாவது சொல்லுவான், வானவில் நெறம் ஏறுன காசுக்குத்தான் இப்ப விலை கூடன்னு. உடனே அவிச்ச முட்டையும் காசும் ஒரே டப்பாவுல போட்டு மூடி வைப்ப. நெறம் ஏறும், ஏன் ஏறாது? முட்டையிலயும் கந்தகம் இருக்கே. ஆனா பல வருஷமா விளிம்புலேருந்து படிப்படியாப் படிஞ்ச நெறம் வேற, ரெண்டு நாள்ல அப்புன நெறம் வேற. அதுக்கும் அவன்கிட்ட ஒரு சீட்டு இருக்கு, 'நெறம் சந்தேகம்'னு. முட்டையாவது மிஞ்சுமான்னு பாரு.

இம்புட்டு கேலி பண்ணுனதுக்கு ஒரு நல்லதும் சொல்லிடுறேன். உங்க அப்பத்தா வெள்ளிக்கெழமையானா மஞ்சளும் குங்குமமும் வச்சுக் கும்பிட்ட காசு அதெல்லாம். சிலதை பிளாஸ்டிக் உறையில வேற போட்டு வச்சிருந்தா, பச்சையாப் பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும். அது வெள்ளியோட நெறமில்ல, மேல படிஞ்ச அழுக்கு. விட்டு வச்சா காசைத் தின்னும். சுத்தமான அசிட்டோன் வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தி ஊறப்போடு. அது வெள்ளியையும் தொடாது, கறுப்பையும் தொடாது, அழுக்கை மட்டும் கரைக்கும். நகப்பூச்சு அழிக்கிற சீசா ஆகாது, அதுல வேற என்னென்னமோ கலந்திருக்கும். துடைக்காத, விளிம்பைப் புடிச்சு எடுத்து அப்பிடியே காய விடு. பக்கத்துல பீடியப் பத்த வச்சிராத, காசுக்கு முன்னாடி மீசை போயிரும்.

அப்புறம், எல்லாத்தையும் அனுப்பணும்னு எவன் சொன்னான்? ராஜா முகம் தேஞ்சு மூக்கே தெரியாத 1919, காசுமாலைக்குக் கொக்கி வச்சுப் பத்த வச்ச விக்டோரியா, இதெல்லாம் கறுப்பா இருந்தா என்ன, வெளுப்பா இருந்தா என்ன? 11.66 கிராமு, பன்னெண்டுல பதினொரு பங்கு வெள்ளி. தராசு சொல்றதுதான் விலை. அதுகளை ஆசை தீர விளக்கி, உங்க ஆத்தாகிட்டக் காட்டி மெடல் வாங்கிக்க.

ஆனா அந்தப் பெட்டியில ஒரு 1911 இருக்கு, உங்க அயித்தை பாத்துட்டு வந்து சொன்னா. ஜார்ஜ் மன்னர் அங்கியில இருக்கிற யானை பன்னி கணக்காத் தெரியுதுன்னு முஸ்லிம் ஜனங்க கொதிச்சு, சர்க்கார் நிறுத்திட்டு, பெரும்பகுதிய உருக்கிட்டு, மறு வருஷம் தும்பிக்கையத் திருத்தி அடிச்சுச்சே, அதுக்கு முந்தின அச்சுக் காசு. நீலமும் மஞ்சளுமாப் படிஞ்சு, யானை முதுகு கூடத் தேயாம இருக்குன்னா. அதே வருஷத்துக் காசு எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, கைபடாதது. நீ உன்னோடதைத் தேய்ச்சியின்னா ஊர்ல ஒண்ணு கொறையும், என்னோடதுக்கு மவுசு கூடும். தேய்க்காம கொண்டாந்தா நல்ல விலை போட்டு நானே எடுத்துக்குறேன். தேய்ச்சுட்டும் கொண்டா, வெள்ளி விலைக்கு வாங்கிக்கிறேன். எப்பக் கொண்டாற?