ஹாக்கிக்கு ஏற்ற ஊர்

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள். ஆடியவர்கள் எல்லாம் 21 வயதுக்குட்பட்டவர்கள், அதாவது அரியர் எழுதும் பருவம். கோப்பை ஜெர்மனிக்கு, வெண்கலம் நமக்கு.

கள்ளக்குறிச்சியை யாரும் கேட்கவில்லை. 2019 நவம்பரில்தான் மாவட்டமானோம். வயது வரம்புக்குள் தாராளமாக வருகிறோம். செயற்கைத் தரையை ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பாய்ச்சி நனைக்க வேண்டுமாம். அதற்குக் கோமுகி அணை இருக்கிறது; மேகம், பெரியார் அருவிகள் இருக்கின்றன. கரும்புக்காரர்களிடம் மட்டும் கொஞ்சம் நயமாகப் பேச வேண்டும். மைதானத்துக்கு 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம் வேண்டும். கல்வராயன் மலையில் அத்தனை சமதளம் இருந்தால் அதில் ஏற்கெனவே மரவள்ளி நிற்கும். வீரர்கள் சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடிக்கலாம். பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோகும் வித்தையை வெள்ளிமலை ஏறும்போது டிரைவரே சொல்லிக் கொடுத்துவிடுவார்.

சிரிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஹாக்கிக்கென்றே பெயர் வாங்கிய கோவில்பட்டிக்கே ஓர் ஆட்டம் கிடைக்கவில்லை. ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்ப்பது விமான நிலையத்தை, அடுத்து நட்சத்திர ஹோட்டலை. ஆட்டம் தெரிந்த கூட்டம் அதற்கப்புறம்தான். எங்களிடம் அந்த மூன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கல்வராயன் கோடை விழாவுக்குப் போடும் பந்தலைப் பிரிக்காமல் டிசம்பர் வரை வைத்திருந்தால் தொடக்க விழாச் செலவாவது மிச்சம்.